அப்பா பிடிக்க, பிள்ளை ஒட்ட

(கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் பெற்றோருக்காக ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை இரவு. மறுநாள் காலை பள்ளியில் 'ப்ராஜெக்ட்' கொடுத்தாக வேண்டும் என்பது ஒன்பது மணிக்குத்தான் பிள்ளைக்கு நினைவு வந்திருக்கிறது. அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட ஃபேன்சி ஸ்டோருக்குள் குனிந்து நுழைந்து தெர்மாகோல் அட்டையும் பச்சைப் பெயிண்டும் வாங்கி வருகிறார். பதினொரு மணிக்கு எரிமலை பாதி எழும்பியிருக்கிறது. பிள்ளை சோபாவிலேயே தூங்கிவிட்டது. அப்பா நாக்கைத் துருத்திக்கொண்டு மலைச்சரிவில் மரம் நட்டுக்கொண்டிருக்கிறார். காலையில் அந்த எரிமலைக்கு முதல் பரிசுகூடக் கிடைக்கும். அது யார் வாங்கிய பரிசு என்பது டீச்சருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

நம் வீடுகளில் அப்பாவும் பிள்ளையும் 'சேர்ந்து' செய்யும் கைவேலை பெரும்பாலும் இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. அப்பாக்களுக்கு ஆசை குறைவு என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. பிள்ளை கத்தரிக்கோலைக் கோணலாகப் பிடித்தால் அப்பாவின் கை தானாக நீள்கிறது. "இங்க குடு, நான் வெட்டித் தர்றேன்." அந்த நொடியில் வேலை கைமாறிவிடுகிறது. இன்றைய பேச்சு அந்த நொடியைப் பற்றியதுதான். செய்து கொடுப்பது ஒன்று, சேர்ந்து செய்வது இன்னொன்று. இரண்டுக்கும் வீட்டில் இடமுண்டு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைச் செய்ததாக நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு.

செய்து கொடுத்த அப்பாக்களில் பேர்போனவர் ஓவியர் பால் கிளே. அவர் மனைவி லில்லி பியானோ கற்றுக்கொடுத்துச் சம்பாதித்தார். கிளே வீட்டோடு இருந்து சமைத்தார், மகன் ஃபீலிக்ஸைப் பார்த்துக்கொண்டார், பிள்ளையின் வளர்ச்சியையும் நோவையும் நாள்குறிப்பாக எழுதிவைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியில் இது. 1916இல் ஃபீலிக்ஸின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அவர் கைப்பாவைகள் செய்யத் தொடங்கினார். விரலை உள்ளே விட்டு ஆட்டும் பாவைகள். 1925 வரைக்கும் ஏறக்குறைய ஐம்பது செய்தார். அவற்றில் முப்பது இன்றும் சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்தின் பால் கிளே மையத்தில் இருக்கின்றன. அவற்றை எதில் செய்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மாட்டெலும்பு, பிளாஸ்டர், பழைய துணி, மின்சாரப் பிளக் பெட்டி, தீப்பெட்டி. வீட்டில் ஒதுங்கிக் கிடந்த எதையும் அவர் விடவில்லை.

பாவைகளைச் செய்து முடித்ததும் அப்பா ஒதுங்கிக்கொண்டார். கூத்து மகனுடையது. கிளே பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தில், அந்தப் பள்ளியின் பெரிய தலைகளையே கிண்டலடித்து ஃபீலிக்ஸ் பாவை நாடகம் போட்டான். பின்னாளில் நாடக இயக்குநராகவும் ஆனான். அதற்காக, பாவை செய்து கொடுத்தால் பிள்ளை இயக்குநராகிவிடும் என்று யாரும் குறித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு அப்பா டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரின் தச்சர், ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன். 1932இல் பொருளாதார மந்தத்தால் வீடு கட்டும் வேலை படுத்துவிட்டது. அதே ஆண்டு மனைவியும் இறந்தார். கையில் நான்கு பையன்கள். மரப்பொம்மை செய்து விற்கத் தொடங்கினார். அதுதான் பின்னால் லெகோ நிறுவனமாக வளர்ந்தது. மகன் காட்ஃபிரட் சிறுவயதிலேயே பட்டறையில் கைகொடுத்தான். ஒருநாள் மரவாத்துகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டே பூச்சு அடித்து, ரயிலுக்கு அனுப்பிவிட்டு, காசு மிச்சம் பிடித்ததாக அப்பாவிடம் பெருமையாகச் சொன்னான். அப்பா விடவில்லை. ரயில் நிலையத்துக்குத் திருப்பி அனுப்பி, பெட்டிகளைத் திரும்ப எடுத்து வரச் செய்து, மூன்றாவது பூச்சை இராவோடு இராவாக அடிக்க வைத்தார். அந்த மகன்தான் 1958இல் இன்று நாம் காணும் லெகோ கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர்.

கதை நல்ல கதைதான். ஆனால் கடைக்குப் போகும் வாத்துக்குத்தான் மூன்று பூச்சு. வீட்டில் பிள்ளை செய்யும் வாத்துக்கு ஒரு பூச்சு போதும், பூச்சே இல்லாவிட்டாலும் போதும். இந்த வித்தியாசம் பிடிபடாத அப்பாவிடம் கைவேலை செய்ய உட்காரும் பிள்ளை, பத்தாவது நிமிடம் டிவி பக்கம் போய்விடும்.

மூன்றாவது வீடு அமெரிக்காவில் ரைட் குடும்பம். 1878ஆம் ஆண்டு ஒரு மாலை. பாதிரியார் மில்டன் ரைட் எதையோ கைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வில்பருக்கு 11 வயது, ஆர்வில்லுக்கு 7. பையன்கள் எட்டிப் பார்ப்பதற்குள் அதைத் தூக்கி வீசினார். விழ வேண்டிய பொருள் மேலே ஏறி, கூரையில் முட்டிப் படபடத்துக் கொஞ்ச நேரம் கழித்துக் கீழே வந்தது. பிரான்ஸ் நாட்டு அல்ஃபோன்ஸ் பெனோ உருவாக்கிய பொம்மை ஹெலிகாப்டர் அது. மூங்கில், தக்கை, காகிதம், முறுக்கிய ரப்பர், அவ்வளவுதான். பையன்கள் அதற்கு 'வௌவால்' என்று பெயர் வைத்தார்கள்.

மெல்லிய காகிதம் எத்தனை நாள் தாங்கும்? கிழிந்தது. கிழிந்ததும் இருவரும் அதைப் பார்த்து வேறொன்று செய்தார்கள், பிறகு அதைவிடப் பெரிதாக ஒன்று. பெரிதாக்க ஆக்க வௌவால் பறக்க மறுத்தது. ஏனென்று அப்போது புரியவில்லை. அளவை இரண்டு மடங்காக்கினால் சக்தி எட்டு மடங்கு வேண்டும் என்ற கணக்கு பின்னால்தான் தெரிந்தது என்று 1908இல் சகோதரர்களே ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1903 டிசம்பர் 17 அன்று, கிட்டி ஹாக் மணல்வெளியில் 12 விநாடி பறந்து காட்டியும் விட்டார்கள். அப்பா வாங்கி வந்தது ஒரே ஒரு பொம்மை. மற்றதெல்லாம் அது கிழிந்த பிறகு நடந்தது.

இதில் ஒரு கொசுறுச் செய்தி. அந்த வீட்டில் கைவேலை தெரிந்தவர் அப்பா அல்லர், அம்மா சூசன். வண்டி செய்பவரின் மகள். பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு வண்டி செய்து கொடுத்தவரும் அவரே. 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்பேனரு?' என்று கேட்பவர்கள் இந்த அவையில் யாராவது இருந்தால், அவர்கள் காதில் இது விழட்டும்.

சரி, எந்தப் பொருளைச் செய்வது? ஒரு மாலைக்குள் முடிய வேண்டும். செய்து முடித்தது ஓட வேண்டும், அல்லது கத்த வேண்டும், அல்லது பறக்க வேண்டும். அலமாரியில் சும்மா நிற்கும் பொருளைப் பிள்ளை மறுநாள் திரும்பிப் பார்க்காது. உடைந்தால் அழாமல் இன்னொன்று செய்துகொள்ளும் அளவுக்குப் பொருள் மலிவாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு வரும் 'கிட்' பெட்டிகளில் முக்கால்வாசி தோற்றுப்போகும். நுங்கு வண்டி ஜெயிக்கும்.

நுங்கு வண்டியை இந்த அவையில் பாதிப்பேர் ஓட்டியிருப்பீர்கள். அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். சித்திரை, வைகாசியில் தெருமுனையில் நுங்கு விற்பவரிடம், தின்ற பிறகு கூட்டைத் தூக்கி எறியாமல் இரண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். ஒரு சாண் நீளக் குச்சி, சுண்டுவிரல் பருமனில், அச்சுக்கு. வேப்பங்குச்சி போதும். குச்சியின் இரு முனையையும் அப்பா சீவிக் கூராக்கித் தரலாம். இரண்டு கூட்டின் நடுவிலும் குச்சியைக் குத்தி ஏற்றுவது பிள்ளையின் வேலை. நடு எது என்று கண்டுபிடிப்பதும் பிள்ளையின் வேலைதான். பிறகு, பிள்ளையின் நெஞ்சுயரத்துக்கு ஒரு கவைக்குச்சி. கவையை அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் வண்டி கிளம்பிவிடும்.

முதல் ஓட்டத்தில் பெரும்பாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இங்கேதான் அப்பாவுக்கு நாக்கு அரிக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு தடவை சுவரில் முட்டிய பிறகு பிள்ளையே இரண்டு கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. சின்னச் சக்கரம் இருக்கும் பக்கமாகவே வண்டி திரும்புகிறது. அச்சும் சக்கரமும் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே சுற்றுவதால், ஒரு சுற்றில் பெரிய கூடு கூடுதல் தூரம் போய்விடுகிறது. ரயில் வண்டியும் இதே வித்தையில்தான் வளைவில் திரும்புகிறது. ரயில் சக்கரத்தின் விளிம்பு நேரான உருளை கிடையாது, லேசாகச் சரிவாகக் கடைந்திருக்கும். வளைவு வரும்போது இரண்டு சக்கரமும் ஒரு பக்கம் நகர, வெளிப்பக்கச் சக்கரம் அதன் பருமனான பகுதியில் உருளுகிறது, உள்பக்கம் மெலிந்த பகுதியில். அடுத்த முறை ரயில் நிலையத்தில் காத்திருக்கும்போது பிள்ளைக்குக் காட்ட அப்பாவுக்கு இது ஒன்று போதும்.

நுங்கு இல்லாத மாதங்களில் தேய்ந்த ஹவாய்ச் செருப்பு இருக்கிறது. அதை வட்டமாக வெட்டிச் சக்கரமாக்கி வண்டி ஓட்டாத கிராமத்துப் பையன் ஒரு காலத்தில் இல்லை. ரப்பரை வெட்டுவது பிளேடு வேலை, ஆகவே அப்பா வேலை. எங்கே வெட்ட வேண்டும் என்று பேனாவால் வட்டம் போடுவது பிள்ளை. வட்டம் முட்டை வடிவத்தில் வந்தால் முட்டை வடிவத்திலேயே வெட்டிக் கொடுங்கள். வண்டி தத்தித் தத்திப் போகும். அதைப் பார்த்துப் பிள்ளை சிரிக்கிற சிரிப்பு, வட்டமான சக்கரத்தில் கிடைக்காது.

இப்படிக் குப்பையிலிருந்து பொம்மை செய்வதை இந்தியாவில் ஒரு பாடமாகவே ஆக்கியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்தவர், லாரி தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதிக்குப் போனார். கிராமப் பள்ளிகளில் செய்து பார்த்து அறிவியல் கற்கும் திட்டம் ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. அந்த ஊர்ச் சந்தையில் எது மலிவாகக் கிடைக்கும் என்று தேடியவர் கையில் சிக்கியவை இரண்டு: தீக்குச்சி, சைக்கிள் வால்டியூப். அதை வைத்து அவர் போட்ட தீக்குச்சி மாதிரிகள் புத்தகமாக வந்து, பல இந்திய மொழிகளுக்குப் போயின. பிறகு புனேயில் வானியல் ஆய்வு மையத்தின் சிறுவர் அறிவியல் கூடத்தில் பல ஆண்டு பணியாற்றினார். 2018இல் பத்மஸ்ரீ விருது வந்தது. ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் சுதர்சன் கன்னா திருவிழாத் தெருக்களில் விற்கும் நாட்டுப்புறப் பொம்மைகளைத் தேடித் தேடிச் சேர்த்து, செய்முறையோடு எழுதினார். அவர் புத்தகத்தை நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது.

வால்டியூப் வேலை ஒரு மழை நாளுக்கு ஏற்றது. சைக்கிள் கடையில் ஒரு முழம் கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார், கொடுத்துவிடுவார். அதை ஒரு விரற்கடை அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டாக வெட்ட வேண்டும். தீக்குச்சிகளின் மருந்தை அப்பா முதலிலேயே சுரண்டி, தண்ணீரில் போட்டுவிட வேண்டும். இரண்டு குச்சிகளை ஒரு துண்டின் இரு முனையிலும் செருகினால் மடங்கும் மூட்டு ஒன்று தயார். மூன்று குச்சி, மூன்று மூட்டு: முக்கோணம். நான்கு குச்சி, நான்கு மூட்டு: சதுரம். இரண்டையும் பிள்ளை கையில் கொடுத்து அமுக்கச் சொல்லுங்கள். சதுரம் சாய்ந்து சப்பையாகிறது. முக்கோணம் அசையாது. சதுரத்தின் குறுக்கே இன்னொரு குச்சியைப் போட்டதும் அதுவும் நிமிர்ந்து நிற்கிறது. மூட்டில் ஊசியால் துளை போட்டு மூன்றாவது குச்சியைச் செருகத் தெரிந்துவிட்டால், ஆறு குச்சியில் முக்கோணக் கோபுரம் எழும்பிவிடும். அதன்பின் அந்தப் பிள்ளை செல்போன் டவரைப் பார்த்தாலும் முக்கோணத்தைத்தான் பார்க்கும், பாம்பன் பாலத்தின் இரும்புச் சட்டங்களைப் பார்த்தாலும் முக்கோணத்தைத்தான் எண்ணும்.

பசைக்கு ஒரு வார்த்தை. ஒரு பங்கு மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நாலைந்து பங்கு தண்ணீரோடு சிறுதீயில் கிண்டினால் கண்ணாடிபோல் மாறும்போது இறக்கிவிடலாம். காகிதத்துக்கும் அட்டைக்கும் இதற்கு மிஞ்சிய பசை இல்லை. போஸ்டர் ஒட்டுபவர்களும் புத்தகம் கட்டுபவர்களும் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, வீட்டுப் பசையில் கூடவே கூடாது. இரண்டு நாளில் புளித்துவிட்டால் கொட்டிவிட்டு வேறு கிண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கடையில் விற்கும் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வீட்டுப் பொம்மைக்கு அப்பாதான் ஐஎஸ்ஐ. பிளேடு, சூடான மெழுகு, அடுப்பு மூன்றும் அவர் கையை விட்டுப் போகக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கை தவழ்ந்துகொண்டிருந்தால் வால்டியூப் துண்டும் தீக்குச்சியும் தரையில் கிடக்கக் கூடாது. காட்டாமணக்குக் காம்பை ஒடித்து, பாலில் குமிழி ஊதுவது நம்மில் பலர் செய்ததுதான். ஆனால் அந்தச் செடியின் விதை கடுமையான நஞ்சு. குமிழிதான் வேண்டுமென்றால் பப்பாளி இலைக்காம்பை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து ஊதலாம். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாயை 2019இலேயே தமிழக அரசு தடை செய்துவிட்டது. பப்பாளிக் காம்பை யாரும் தடை செய்யவில்லை.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. சாய்த்தால் எழுந்துகொள்ளும் அந்தப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதன் சூட்சுமம் அடியில் இருக்கிறது. உருண்டையான, கனமான அடிப்பாகம், மேலே காகிதக்கூழில் லேசான உடல். வீட்டில் இதற்கு ஒரு முட்டை ஓடு போதும். காலையில் ஆம்லெட்டுக்கு உடைக்கும்போதே மேல்முனையில் மட்டும் சிறிதாக உடைத்து, கழுவிக் காயவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கரண்டி மணலைப் பிள்ளை போட, உருக்கிய மெழுகை அப்பா ஊற்ற, ஆறும்வரை ஓட்டை ஒரு கிண்ணத்தில் நேராக நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு முகம் வரைவது, உடைந்த வாயை மறைக்கத் தொப்பி ஒட்டுவது எல்லாம் பிள்ளை பாடு. மெழுகு ஒரு பக்கமாக உறைந்துவிட்டால் பொம்மை தலையைச் சாய்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அதையும் வைத்துக்கொள்ளுங்கள். யோசனை செய்யும் பொம்மை என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் முடிந்தது.

அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டு வெளிச்சம் பிடிக்கும் விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். செருப்புப் பெட்டியின் ஒரு பக்கத்தில் ஊசித்துளை, எதிர்ப்பக்கத்தை வெட்டியெடுத்து பட்டர் பேப்பர். தலைக்கு மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்தால் வெளியே நிற்கும் வேப்பமரம் தலைகீழாகத் தெரியும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம் இந்தத் துளை வெளிச்சத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, கரூர், திருச்சி, திண்டுக்கல் பக்கங்களில் கங்கண கிரகணம் தெரிந்தபோது, மர இலைகளின் சந்துகள்கூட ஊசித்துளைகளாகித் தரையெங்கும் பிறைகளும் வளையங்களுமாகச் சிதறின. சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. துளை போட்ட அட்டைக்கும் கீழே வைத்த வெள்ளைத்தாளுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி விட்டால், சூரியனின் உருவம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலத்தில் விழும். நம் பக்கம் தெரியப்போகும் அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21 அன்று கேரளம், தென் தமிழகம், இலங்கையின் வடக்கு வழியாகப் போகிறது. அட்டைப்பெட்டி சேர்க்க நாள் இருக்கிறது.

பட்டம் பெரிய விஷயம், ஒரு மாலையில் அடங்காது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் அன்று கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவில் பறப்பவை ஆளைவிடப் பெரிய வேலைப்பாடுகள். பட்டத்தில் 'விண்' கட்டி, அது காற்றில் கூவுகிற சத்தத்தை ஊரே கேட்கும். அதை அங்கே அண்ணன், அப்பா, சித்தப்பா எல்லோருமாக இரவிரவாகக் கட்டுகிறார்கள். வீட்டில் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு ஈர்க்குச்சி, ஒரு தாள், சோற்றுப் பசை போதும். சூத்திரக் கயிறு கட்டுவது அப்பாவின் கைப்பழக்கம். வாலைக் கூட்டிக் குறைத்துச் சரிபார்ப்பது பிள்ளையின் ஆராய்ச்சி. கரணமடித்தால் பழைய வேட்டித் துணியில் ஒரு முழம் சேர்க்க வேண்டும், எழும்பவே மறுத்தால் அரை முழம் கிழித்துவிட வேண்டும். வெறும் பருத்தி நூல் மட்டும்தான். மாஞ்சா நூல் தடை செய்யப்பட்டது. சென்னையில் இருசக்கர வண்டியில் போனவர்களின் கழுத்தை அது அறுத்திருக்கிறது, உயிர்களும் போயிருக்கின்றன. 'நாங்க அந்தக் காலத்துல...' என்று கண்ணாடித்தூள் கதையைப் பெருமையாக ஆரம்பிக்கும் அப்பாக்கள் அந்த ஒரு கதையைப் பிள்ளையிடம் சொல்லாமல் இருப்பது நல்லது.

கொலு வைக்கும் வீடுகளில் ஒரு வசதி இருக்கிறது. படி கட்டும் வேலை எப்படியும் அப்பா தலையில்தான் விழும். படிக்குக் கீழே பூங்கா போடும் வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிடலாம். தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவினால் நாலைந்து நாளில் புல்வெளி, முகம் பார்க்கும் கண்ணாடி குளம். போன வாரம் செய்த முட்டை பொம்மை அந்தக் குளக்கரையில் உட்காரலாம். அளவு பொருந்தாது. பிள்ளையாரைவிட வாத்து பெரிதாக இருக்கும். மாமிகள் ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும்.

கடைசியாகத் தீப்பெட்டி டெலிபோன். இப்போது தீப்பெட்டி சிறுத்துவிட்டதால் காகிதக் கப். எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு, ஆனால் பாதி வீடுகளில் சரியாக வேலை செய்வதில்லை. காரணம் நூல் தொய்வது. கப்பின் அடியில் பேச்சு மோதி அந்த அடித்தாள் அதிர்கிறது. அந்த அதிர்வை இழுத்துக் கட்டிய நூல்தான் மறுமுனைக்குக் கொண்டுபோகிறது. தொய்ந்த நூல் எதையும் கொண்டுபோகாது. நடுவில் கதவிலோ நாற்காலியிலோ உரசினால் சத்தம் அங்கேயே நின்றுவிடும். ஊசித்துளை வழியாக நூலைக் கோத்து, உள்ளே பாதித் தீக்குச்சியில் முடிச்சுப் போட்டால் இழுத்தாலும் வராது. நூலுக்குப் பதில் மெல்லிய கம்பியும் நன்றாக வேலை செய்யும். இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக், இழுத்துக் கட்டிய கம்பி வழியாக ஒலியை வெகுதூரம் அனுப்பிப் பார்த்ததாக, 1665இல் வந்த 'மைக்ரோகிராஃபியா' நூலின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கியது அதற்கு 211 ஆண்டு கழித்து.

மற்ற பொம்மைகளுக்கு இல்லாத குணம் ஒன்று இதற்கு உண்டு. தனியாக விளையாட முடியாது. மறுமுனையில் ஒருவர் நின்றே ஆக வேண்டும், அதுவும் நூலைத் தளரவிடாமல். அந்தப் பக்கம் கப்பைக் காதில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் செல்போனை நோண்ட முடியாது. முகத்துக்கு நேரே சொல்லாத சில புகார்களைப் பிள்ளைகள் இந்தக் கப்புக்குள் சொல்வதுண்டு. யார் கிள்ளியது, எந்த டீச்சர் திட்டியது, டிபன் பாக்ஸை யாருக்குக் கொடுத்தது. கேட்டுவிட்டு மறுமொழி சொல்லப் பதறாமல், முதலில் 'ஓவர்' என்று சொல்லிப் பழக வேண்டும். அடுத்த சேதி தானாக வரும்.

நூலக ஊழியர்கள் வாசல் மேசையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு காகிதக் கப், ஒரு நூல்கண்டிலிருந்து வேண்டிய அளவு நூல், இரண்டு தீக்குச்சி. ஊசியை அப்பாக்கள் மட்டும் வாங்கிக்கொள்ளவும். இந்தக் கூடத்தின் மேடையிலிருந்து பின்சுவர் வரை நூல் போதும். நடுவில் இரண்டு தூண் இருப்பதால் முதல் முயற்சி பலருக்கு வாய்க்காது. எங்கே உரசுகிறது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். தூணுக்கு இந்தப் பக்கம் நிற்கும் அப்பாக்கள், தெரிந்தாலும், ஐந்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. ஆறு மணிக்கு நூலகம் பூட்டிவிடுவார்கள். நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டால் வசதி.